எல்லா மைக்கும் எல்லாவற்றையும் கேட்கும்

மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைப்பது என் வேலை. டிரம்ஸுக்கு மைக்கெல்லாம் வைத்து, கேபிள் இழுத்து, லைன் செக் (ஒவ்வொரு மைக்கிலிருந்தும் ஒலி வருகிறதா என்று பார்ப்பது) முடிந்ததும் நான் முதலில் திறப்பது கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) சேனலை அல்ல, மேடை நடுவில் இருக்கும் பாடகரின் மைக்கை. நிகழ்ச்சியில் எந்த அளவில் இருக்கப்போகிறதோ அந்த அளவுக்கு அதைத் திறந்துவிட்டு, டிரம்மரை ஒரு பாட்டு முழுக்க வாசிக்கச் சொல்வேன். டிரம்ஸ் சேனல் ஒன்றுகூட ஆன் ஆகியிருக்காது. ஆனாலும் ஸ்பீக்கரில் ஸ்நேர் (அடியில் கம்பிகள் உள்ள டிரம்) கேட்கும், கிராஷ் சிம்பல் இரைச்சலாகக் கேட்கும், ஹை-ஹாட் (காலால் திறந்து மூடும் ஜோடி சிம்பல்) சளசளக்கும். புதிதாக வேலைக்கு வந்த பையன்கள், "அண்ணே, டிரம்ஸ் இன்னும் மியூட்லதானே இருக்கு?" என்று கேட்பார்கள். ஆமாம், மியூட்டில்தான் இருக்கிறது. அந்தச் சத்தத்தை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள் என்பேன். நிகழ்ச்சி முடியும்வரை அது எங்கேயும் போகாது. டிரம்ஸ் மைக்குகளில் நாம் என்ன வித்தை காட்டினாலும் அதன் மேல்தான் காட்டியாக வேண்டும்.

மேடையில் திறந்திருக்கும் ஒவ்வொரு மைக்கும் முழு டிரம்ஸையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. 'ஸ்நேர்' என்று டேப்பில் எழுதி ஒட்டிவிட்டால் அந்த மைக்குக்கு ஸ்நேர் மட்டும் கேட்குமா என்ன? ஹை-ஹாட் கேட்கும், பக்கத்து டாம் (கம்பி இல்லாத டிரம்) கேட்கும், டிரம்மரின் மானிட்டரும் (அவர் கேட்பதற்காக மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) கேட்கும். அதுவும் ஒரே அடி ஒவ்வொரு மைக்குக்கும் வேறு வேறு நேரத்தில் போய்ச் சேரும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. கணக்குப் போட்டால் 34 சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிசெகண்டு. இத்தனையும் மிக்சரில் ஒன்றுசேரும்போது சில அலைகள் கூடும், சில ஒன்றையொன்று அடித்துப்போடும். "தனித்தனியா கேட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்கு, சேர்த்துத் திறந்தா தகர டப்பா மாதிரி ஆகிடுது" என்ற புலம்பலைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் குற்றவாளி ஈக்யூ (அலைவரிசை வாரியாக ஒலியை ஏற்றி இறக்குவது) அல்ல, இந்தக் கசிவுதான்.

அதனால் எத்தனை மைக் வைக்கலாம் என்று நான் யோசிப்பதில்லை. எத்தனை மைக் இல்லாமல் சமாளிக்கலாம் என்றுதான் பார்ப்பேன். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஃபீட்பேக் (ஸ்பீக்கர் ஒலி மைக்கில் புகுந்து ஊளையிடுவது) வருவதற்கு முன் கிடைக்கிற இடைவெளியில் சுமார் 3 டெசிபல் குறையும். கையில் மைக் இருக்கிறது என்பதற்காக ஹை-ஹாட்டுக்கும் ரைடு சிம்பலுக்கும் தனித்தனியாக வைத்துத் திறப்பது வீண் செலவு. சின்ன அரங்கம் என்றால் ஸ்நேரும் சிம்பல்களும் தாமாகவே கடைசி வரிசை வரை போய்விடும். அங்கே கிக்குக்கு ஒரு மைக் போதும். ஸ்நேருக்கு ஒன்று வைத்தாலும், நேரடிச் சத்தத்துக்காக அல்ல, ரிவெர்ப் (அரங்க எதிரொலி போன்ற எஃபெக்ட்) அனுப்புவதற்காகத்தான் வைப்பேன். நடுத்தர அரங்கத்தில் கிக், ஸ்நேர், இரண்டு ஓவர்ஹெட் (டிரம்ஸுக்கு மேலே நிறுத்தும் மைக்) என்று நான்கு. இதற்கும் குறைவாக வேண்டுமானால், பிரிட்டிஷ் ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸின் பெயரால் அறியப்படும் முறை இருக்கிறது: ஒரு மைக் டிரம்ஸுக்கு மேலே, இன்னொன்று ஃப்ளோர் டாம் (தரையில் நிற்கும் பெரிய டாம்) பக்கத்திலிருந்து குறுக்காக, இரண்டும் ஸ்நேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில். ஸ்டுடியோவில் பிறந்த முறைதான். மேடையில் மானிட்டர் சத்தம் கட்டுக்குள் இருந்தால் இங்கேயும் அழகாக வேலை செய்யும். திறந்தவெளி மேடை என்றால் பேச்சே வேறு. அங்கே சுவர் இல்லை, கூரை இல்லை, ஒவ்வொன்றுக்கும் மைக் வைத்தே ஆக வேண்டும்.

பாடகரின் மைக்கில் விழும் கசிவைக் குறைக்க ஒரு பட்டனும் கிடையாது. மேடையில் ஆட்களை நகர்த்தித்தான் குறைக்க முடியும். பாடகர் பார்வையாளரைப் பார்த்து நிற்கிறார், மைக் பாடகரைப் பார்க்கிறது. அவருக்கு நேர் பின்னால் டிரம்ஸ் இருந்தால் மைக் அதையும் நேருக்கு நேராகப் பார்க்கிறது. டிரம்ஸை ஒரு பக்கமாக ஒதுக்கினாலே நல்ல வித்தியாசம் தெரியும். அப்புறம் பாடகரிடம், "வாயோட ஒட்டிப் பிடிச்சுப் பாடுங்க" என்று சொல்லலாம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். அந்த அளவுக்கு கெயினை (மைக்கின் சிக்னலைப் பெருக்கும் அளவு) குறைக்கலாம், கூடவே சிம்பலும் இறங்கும். கண்ணாடி போன்ற அக்ரிலிக் தடுப்பு வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது சத்தத்தை விழுங்காது, திருப்பி அனுப்பும். டிரம்மருக்குப் பின்னால் கனமான திரையோ உறிஞ்சும் பலகையோ இல்லையென்றால், பாடகரின் மைக்கிலிருந்து விரட்டிய சிம்பல் டாம் மைக்குகளில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இனி டிரம்ஸ். என் பையில் டேப், டார்ச், உதிரி கேபிளோடு எப்போதும் ஒரு டிரம் கீ (டிரம்மின் திருகுகளை முறுக்கும் சாவி) இருக்கும். டிரம்மர் கொண்டுவந்திருப்பார்தான், ஆனால் சவுண்ட் செக் நேரத்தில் அவருடையது எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. "தம்பி, டாமைக் கொஞ்சம் தொட்டுக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பேன். சிலருக்குப் பிடிக்காது, அவர்களையே செய்யச் சொல்வேன். ஸ்கின்னின் (டிரம்மின் தோல்) நடுவில் விரலை லேசாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருகுக்கும் பக்கத்தில், விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே தட்டிக் கேட்க வேண்டும். எல்லா இடத்திலும் சுருதி ஒன்றாக இருந்தால் டாம் ஒரே குரலில் பேசும். ஒரு திருகு மட்டும் தளர்ந்திருந்தால் சத்தம் நெளிந்து நெளிந்து போகும், அதை எந்த ஈக்யூவும் நிமிர்த்தாது. கீழ் ஸ்கின் மேலே இருப்பதைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் நாதம் சீக்கிரம் அடங்கும். மேடைக்கு அது நல்லது.

டாமை அடிக்கும்போதெல்லாம் ஸ்நேரின் கம்பிகள் கிறுகிறுவென்று அதிர்வது இன்னொரு தொல்லை. பல பேர் உடனே கேட்டை (சத்தம் குறைந்ததும் சேனலைத் தானாக மூடும் கருவி) இறுக்குவார்கள். நான் டாமின் சுருதியை ஒரு இழை மேலேயோ கீழேயோ நகர்த்தச் சொல்வேன். டாமும் ஸ்நேரும் ஒரே சுருதியில் இருப்பதால்தான் அந்த அதிர்வு. அப்படியும் போகவில்லையென்றால் ஸ்நேரின் அடி ஸ்கின்னில், கம்பி முடிகிற இடத்துக்கு இருபுறமும் உள்ள திருகுகளைக் கொஞ்சம் தளர்த்தினால் அடங்கும். முழுக்கப் போகாது. கொஞ்சம் இருந்தால் தவறுமில்லை, டிரம்ஸ் என்றால் அப்படித்தான்.

மைக்கை எங்கே வைப்பது என்பதைவிட, எதற்கு முதுகைக் காட்டி வைப்பது என்பது முக்கியம். ஸ்நேருக்கு நான் பெரும்பாலும் ஷூர் எஸ்எம்57தான் வைப்பேன். 1965இல் வந்த மைக், இன்றும் கிட்டத்தட்ட எல்லா மேடையிலும் கிடைக்கும். அது கார்டியாய்டு வகை. சரியாகப் பின்பக்கம், 180 டிகிரியில்தான் அதற்குக் காது மந்தம். அதனால் மைக்கின் வால் ஹை-ஹாட்டைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். விளிம்பிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் மேலே, ஸ்கின்னின் நடுப்பகுதியை நோக்கிச் சாய்வாக. சூப்பர்கார்டியாய்டு என்றால் மந்தமான இடம் நேர் பின்னால் இல்லை, முன்பக்கத்திலிருந்து 125 டிகிரி அளவில் இரு பக்கமும் இருக்கும். இது தெரியாமல் 57ஐ வைக்கிற கோணத்திலேயே அதையும் வைத்தால் ஹை-ஹாட் கூடுதலாக விழும். மைக்கை மாற்றினால் கோணத்தையும் மாற்ற வேண்டும்.

கிக்கில் மைக் உள்ளே போகப்போக 'டக்' கூடும், முன் ஸ்கின்னில் உள்ள துளைக்கு வர வர 'தம்' கூடும். காற்று வேகமாக வெளியேறுகிற துளையின் நேர் வாயில் வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் ஊதுகிற சத்தம் வரும். துளைக்குள் ஒரு சாண் தள்ளி, பீட்டர் (கிக் பெடலின் சுத்தி) அடிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் விலக்கி வைப்பதில் ஆரம்பிப்பேன். ஷூர் பீட்டா 91ஏ போல உள்ளே தலையணை மேல் படுக்க வைக்கிற மைக் என்றால் கேபிள் வழியாகப் போகும் 48 வோல்ட் பேன்டம் மின்சாரம் வேண்டும். அதைப் போட மறந்துவிட்டு மைக் கெட்டுப்போச்சு என்று கழற்றிப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். டாம்களுக்கு விளிம்பில் கவ்வுகிற சென்ஹைசர் இ604 மாதிரியான மைக் போதும். மேடை நெரிசலில் ஸ்டாண்டு இல்லாததே பெரிய நிம்மதி.

ஓவர்ஹெட் விஷயத்தில்தான் எனக்குப் பலரோடு கருத்து வேறுபாடு. இரண்டு மைக்கும் ஒரே உயரத்தில் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் ஸ்நேர் நடுவிலா இருக்கிறது? டிரம்மரின் இடது தொடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு மைக் கேபிளை எடுத்து, ஒரு முனையை ஸ்நேரின் நடுவில் பிடித்து, மறுமுனையை ஒவ்வொரு ஓவர்ஹெட்டின் தலை வரைக்கும் இழுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நீளம் வரும்வரை ஸ்டாண்டை நகர்த்துங்கள். ஸ்நேர் இரண்டு மைக்குக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும், கலங்காமல் நடுவில் நிற்கும். சாதாரண வலது கை டிரம்மருக்கு இப்படி அளந்தால் இரண்டு ஸ்டாண்டும் கோணல்மாணலாகத் தெரியும். தெரியட்டும்.

அடுத்தது பொலாரிட்டி, அதாவது அலையைத் தலைகீழாகத் திருப்பும் பட்டன். ஸ்நேருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு மைக் வைத்தால் கீழ் மைக்கில் அந்தப் பட்டனை அழுத்தத்தான் வேண்டும். குச்சி விழுந்ததும் மேல் ஸ்கின் மேல் மைக்கை விட்டு விலகுகிறது, அதே நேரத்தில் கீழ் ஸ்கின் கீழ் மைக்கை நோக்கி வருகிறது. மற்ற மைக்குகளுக்கு விதி ஒன்றும் இல்லை, காதுதான். ஓவர்ஹெட்டை மட்டும் திறந்துவிட்டு, அதோடு கிக்கைச் சேர்த்து, பட்டனை அழுத்தியும் விட்டும் கேட்பேன். எதில் அடி கனமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்வேன். அப்புறம் ஸ்நேர், அப்புறம் டாம், ஒவ்வொன்றாக.

ஒரு நிகழ்ச்சியில் இப்படிச் செய்துகொண்டிருந்தபோது ஒரு டாம் சேனல் விநோதமாக நடந்துகொண்டது. தனியாகத் திறந்தால் பிரமாதம், ஓவர்ஹெட்டோடு சேர்ந்தால் அடிவயிறே இல்லை. மைக்கை மாற்றினோம், அதே கதை. சேனலை மாற்றினோம், அதே கதை. கடைசியில் கேபிளை மாற்றியதும் டாம் உயிரோடு எழுந்தது. வாடகைக்கு வந்த கேபிள்களில் அந்த ஒன்றில் மட்டும் 2ஆம் பின்னும் 3ஆம் பின்னும் இடம் மாற்றிச் சால்டர் செய்யப்பட்டிருந்தது, அதனால் பொலாரிட்டி தலைகீழ். ஒலி வரும், இரைச்சல் இருக்காது, டெஸ்டரில் போட்டுப் பார்க்காதவரை யாருக்கும் சந்தேகம் வராது. அந்தக் கேபிளின் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றி ஒதுக்கிவைத்தேன். கேபிள் டெஸ்டர் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டது அதற்கப்புறம்தான்.

கெயின் வைக்கும்போது ஒரு உண்மையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சவுண்ட் செக்கில் அடிக்கிற மாதிரி எந்த டிரம்மரும் நிகழ்ச்சியில் அடிப்பதில்லை. கூட்டத்தைப் பார்த்ததும் கை தானாக ஏறும். டிஜிட்டல் கன்சோலில் (மிக்சர்) உச்சம் மைனஸ் 10, மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருக்கும்படி விட்டுவைத்தால் அந்த ஏற்றத்துக்கு இடம் இருக்கும். இன்னொன்று, 'கிக், கிக், கிக்' என்று ஒற்றை ஒற்றையாக அடிக்கச் சொல்வதை லைன் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வேன். அப்படி அடிக்கும்போது கேட்கிற சத்தம் பாட்டில் வருவதே இல்லை. முழு டிரம்ஸும் ஓடும்போது, முடிந்தால் பேஸ் கிடாரும் சேர்ந்து வாசிக்கும்போதுதான் ஈக்யூவைத் தொடுவேன்.

ஈக்யூவில் பெரும்பாலும் எடுப்பதுதான் வேலை, சேர்ப்பது குறைவு. கிக்கில் 300, 400 ஹெர்ட்ஸ் பக்கம் அட்டைப்பெட்டித்தனம் இருக்கும், அதை எடுத்துவிட்டால் 60 ஹெர்ட்ஸ் தானாகத் தெரியும். 3, 4 கிலோஹெர்ட்ஸில் கொஞ்சம் ஏற்றினால் பீட்டரின் அடி தெளியும். ஸ்நேரின் உடம்பு 200 பக்கம். டாம்களிலும் 400 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம்தான் மப்பாக இருக்கும். கிக்கும் ஃப்ளோர் டாமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஹை-பாஸ் (கீழ் அலைவரிசையை வெட்டும் ஃபில்டர்) போட்டுவிடுவேன். கசிந்து வந்த கிக்கின் அடிப்பகுதி அங்கெல்லாம் தேவையில்லை. ஸ்நேர் மைக்கிலும் டாம் மைக்கிலும் மேல் அலைவரிசையைத் தாராளமாக ஏற்றுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அந்த மைக்கில் அதிகமாக இருக்கும் மேல் அலைவரிசை சிம்பலுடையது.

இதே கணக்குதான் கம்ப்ரஸருக்கும் (உரத்த சத்தத்தை அழுக்கும் கருவி). ஸ்நேரைப் பத்து டெசிபல் அழுக்கி, இழந்ததை மேக்கப் கெயினில் திருப்பி ஏற்றினால், அடிக்கும் அடிக்கும் நடுவில் இருக்கிற ஹை-ஹாட்டும் அதே பத்து டெசிபல் ஏறும். மூன்று நான்கு டெசிபலுக்கு மேல் நான் போவதில்லை. அட்டாக்கை (அழுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 20, 30 மில்லிசெகண்டு விட்டால் குச்சி விழுகிற முதல் கணம் அடிபடாமல் தப்பும்.

கேட்டை நான் டாம்களுக்குப் போடுவேன், கிக்குக்குத் தேவைப்பட்டால் போடுவேன், ஸ்நேருக்கு அநேகமாக மாட்டேன். ஸ்நேரில் மென்மையாக விழும் தட்டல்களைக் கேட் விழுங்கிவிட்டால் டிரம்மரின் பாதி வாசிப்பு காணாமல் போகும். டாமிலும் முழுசாக மூடாமல் 15 டெசிபல் அளவுக்கு மட்டும் இறங்கும்படி ரேஞ்ச் வைப்பேன். முழுசாக மூடித் திறந்தால் ஒவ்வொரு டாம் அடிக்கும் சிம்பல் சத்தம் 'புஸ்' என்று சேர்ந்து குதித்து வரும். கிராஷ் அடிக்கும்போதெல்லாம் கேட் திறக்கிறதா? கேட் எதைக் கேட்டுத் திறக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் சைட்செயின் ஃபில்டரை டாமின் சொந்தச் சுருதிக்குக் குறுக்கிவிடுங்கள். 100 ஹெர்ட்ஸை மட்டும் கேட்கிற கேட், கிராஷுக்கு மசியாது.

ஃப்ளோர் டாமுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. டிரம்மர் தன் மானிட்டரில் எல்லாவற்றையும் நிறையக் கேட்பார். அந்த மானிட்டர் அநேகமாக ஃப்ளோர் டாம் பக்கத்தில்தான் இருக்கும். பேஸ் கிடார் ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தில் நின்றதும் டாம் தானாக அதிர ஆரம்பிக்கும், மைக் அதை எடுக்கும், மானிட்டர் திருப்பித் தரும், அரங்கம் முழுக்க அடித்தொண்டையில் 'ஊ' என்று ஒரு முனகல் எழும். யாரும் டாமைத் தொட்டிருக்க மாட்டார்கள், அதனால் எல்லோரும் பேஸ் கிடார்காரரை முறைப்பார்கள். அந்த நேரத்தில் டாம் ஸ்கின்னில் உள்ளங்கையை வைத்தால் போதும், முனகல் சட்டென்று நிற்கும். நோயைக் கண்டுபிடிக்க அதுவே வழி. ஸ்கின்னில் ஒரு ஜெல் துண்டு ஒட்டி, அந்த டாமை டிரம்மரின் மானிட்டரிலிருந்து எடுத்துவிட்டால் தீர்ந்தது. அவருக்கு அது பக்கத்திலேயேதான் இருக்கிறது, ஸ்பீக்கரில் வேறு எதற்கு?

கீழ் அலைவரிசைக்கான ஸ்பீக்கரான சப்பைப் பொறுத்தவரை, எல்லாச் சேனலும் போய் அங்கே கொட்டுவதை நான் விடுவதில்லை. ஒரு ஆக்ஸ் (மிக்சரின் தனி வெளியீடு) வழியாகக் கிக், ஃப்ளோர் டாம், பேஸ், கீபோர்டு மட்டும் அனுப்புவேன். பாடகர்களின் மைக்கும் ஓவர்ஹெட்டும் மேடையின் அதிர்வைத்தான் சப்புக்கு அனுப்பும். அப்புறம், சவுண்ட் செக் நேரத்தில் கன்சோலை விட்டு எழுந்து நடக்க வேண்டும். மேடைக்கு இடமும் வலமும் ஒவ்வொரு சப் அடுக்கு இருந்தால் நடுக்கோட்டில் கிக் நெஞ்சைத் தள்ளும். கொஞ்சம் பக்கவாட்டில் நடந்தால் ஆளையே காணோம். 60 ஹெர்ட்ஸின் அலை நீளம் கிட்டத்தட்ட 5.7 மீட்டர், இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிற தூர வித்தியாசம் அதில் பாதியைத் தொடுகிற இடத்தில் அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். கன்சோல் நடுவில் இருந்தால் நமக்கு இது தெரியவே தெரியாது; கிக் கூடுதல் என்று நாம் குறைப்போம், ஓரத்தில் இருப்பவருக்கு ஏற்கெனவே இல்லை. இடம் இருந்தால் சப்புகளை எல்லாம் நடுவில் ஒன்றாகச் சேர்த்து வைப்பதே எனக்குப் பிடித்த வழி.

நடுத்தர அரங்கத்தில் இன்னொன்றையும் செய்து பார்க்கலாம். ஸ்பீக்கர் முன்னால், டிரம்ஸ் மூன்றரை மீட்டர் பின்னால் என்றால், மேடையிலிருந்து நேராக வரும் ஸ்நேர் 10 மில்லிசெகண்டு தாமதமாக வந்து சேரும். மெயின் ஸ்பீக்கர்கள் மொத்தத்துக்கும் அந்த 10 மில்லிசெகண்டு டிலே கொடுத்தால் இரண்டும் ஒன்றாக விழும். ஸ்நேர் இரட்டையாகக் கேட்காது, ஃபேடரை ஏற்றாமலே கனம் கூடும். பெரிய திறந்தவெளியில் இதற்கு அவ்வளவு பலன் இல்லை, அங்கே மேடைச் சத்தம் முன் வரிசையோடு முடிந்துவிடும்.

ரிவெர்ப் ஸ்நேருக்கும் டாமுக்கும் மட்டும், ஒன்றரை நொடிக்குள். அரங்கமே எதிரொலித்தால் அதுவும் வேண்டாம்.

கூட்டம் நிறைந்ததும் மேல் அலைவரிசை கொஞ்சம் உறிஞ்சப்படும், காலி அரங்கத்தில் கூர்மையாக இருந்த ஸ்நேர் முதல் பாட்டில் மந்தமாகத் தோன்றும். உடனே ஈக்யூவுக்குப் போகாமல் ஒரு பாட்டு பொறுத்துப் பார்ப்பேன். மெதுவான பாட்டு வந்தால் டாம் சேனல்களைப் பத்து டெசிபல் இறக்கிவைப்பேன். டிரம்மர் கண்ணால் சைகை காட்டும் பழக்கம் உள்ளவராக இருந்தால் பாக்கியம்.

முடிந்ததும் சீன் (கன்சோலின் மொத்த அமைப்பு) சேவ் செய்வேன். ஆனால் அடுத்த மேடையில் வேறு டிரம்ஸ், வேறு கை என்றால் அந்த ஃபைலிலிருந்து பெயர்களையும் பேட்சையும் (எந்த மைக் எந்தச் சேனலுக்கு என்ற இணைப்பு) ஹை-பாஸையும் மட்டும் எடுத்துக்கொண்டு, ஈக்யூவைச் சமமாக்கி, கேட்டையும் கம்ப்ரஸரையும் ஆஃப் செய்துவிட்டுத்தான் டிரம்மரை உட்காரச் சொல்வேன்.